வலது குழல் அண்ணாச்சி

முழுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் உண்டு. அரைத் துப்பாக்கி வைத்திருந்த ஒரே மனிதர் அருப்புக்கோட்டை வலது குழல் அண்ணாச்சிதான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சொல்வேன்.

இன்சூரன்ஸ் ஆபீஸில் எனக்கு அந்த ஊருக்கு மாற்றல் வந்தபோது அவருடைய மளிகைக் கடை மாடியில் குடியேறினேன். வீடு கேட்டுப் போனவனிடம் எந்த ஊர், என்ன சம்பளம் என்று எதுவும் விசாரிக்கவில்லை. "ஞாயித்துக்கெழம சும்மாதான இருப்பீக?" என்று மட்டும் கேட்டார். தெரியாத்தனமாக ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். அதோடு என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அவருக்குப் போயின.

கதை இதுதான். அண்ணாச்சியின் அப்பா, கடலைக் காட்டைப் பன்றியிடமிருந்து காப்பாற்றுவதற்காக லைசென்ஸ் எடுத்து ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்கினார். பன்றிகள் அதை மதிக்கவில்லை. மயில்தான் நிறைய வந்தது, மயிலைச் சுட்டால் ஜெயில். வாங்கியதை என்ன செய்வது என்று தெரியாமல், களிமண் தட்டுகளை ஆகாயத்தில் வீசச் சொல்லி அதைச் சுட ஆரம்பித்தார். மகன்கள் இருவருக்கும் அந்தப் பைத்தியத்தை ஒட்டவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

பாகப்பிரிவினையில் கடை அண்ணனுக்கு, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் நிலம் தம்பிக்கு என்று சுமுகமாகவே முடிந்தது. துப்பாக்கியில் வந்து முட்டிக்கொண்டது. லைசென்ஸில் இரண்டு பேர் பெயரும் இருந்தது, இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பேசித் தீர்க்க வந்த தாய்மாமனுக்குப் பசி. "அப்ப ஆளுக்கொரு கொழாய வச்சுக்கிருங்கடா" என்று எரிச்சலில் சொல்லிவிட்டுச் சாப்பிட எழுந்துவிட்டார். அண்ணனும் தம்பியும் அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். வலது குழல் அண்ணனுக்கு, இடது குழல் தம்பிக்கு. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

அந்தத் துப்பாக்கிக்கு விசையும் இரண்டு. முன் விசை வலது குழலுக்கு, பின் விசை இடது குழலுக்கு. அண்ணாச்சியின் விரல் தவறியும் பின் விசைப் பக்கம் போகாது. துப்பாக்கி அவர் வீட்டுப் பீரோவில் இருந்தாலும் எண்ணெய் போட்டுத் துடைப்பது வலது குழலை மட்டும்தான். ஒரு தடவை எண்ணெய் வழிந்து இடது குழலில் இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டு வாசலில் தெளித்த தண்ணீரைத் திரும்ப அள்ளுகிற மாதிரி, ஒரு துணியை வைத்து அதை ஒற்றி எடுத்தார். நான் சிரித்துவிட்டேன். அடுத்த இரண்டு நாள் என்னோடும் பேச்சு இல்லை.

ஞாயிறு காலையில் துப்பாக்கியைக் கழற்றி ஒரு நீளப் பையில் போட்டுக்கொண்டு திருச்சுழி பஸ்ஸில் ஏறுவோம். எந்த ஊரில் கச்சேரி என்று கண்டக்டர் கேட்பார். பை நாதஸ்வரப் பைதான் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். அண்ணாச்சியும் மறுக்க மாட்டார், நான்தான் தவில் என்று கைகாட்டிவிடுவார்.

தம்பி காட்டில் தயாராக நிற்பார். நல்ல மனிதர், ஒல்லி, எப்போதும் பீடி. அண்ணாச்சி சுட்டு முடித்துத் துப்பாக்கியை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுத் தள்ளிப் போவார். அதற்குப் பிறகுதான் தம்பி வந்து எடுப்பார். கைக்குக் கை மாறியதே கிடையாது. ஸ்பிரிங் மிஷினில் தட்டை வைத்துக் கயிற்றை இழுப்பது என் வேலை. அண்ணனுடைய சேதியைத் தம்பிக்கும் தம்பியுடையதை அண்ணனுக்கும் சொல்வது அதைவிடப் பெரிய வேலை. இருவருக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. எல்லாம் இருவர் காதிலும் விழும். இருந்தாலும் நான் ஒரு தரம் திருப்பிச் சொல்லியாக வேண்டும்.

இதில் தொழில் விஷயம் ஒன்று உண்டு. துப்பாக்கிக் குழலின் வாய்ப்பக்கம் கொஞ்சம் இறுகியிருக்கும், அதற்குச் சோக் என்று பெயர். பைப்பு முனையை விரலால் அமுக்கினால் தண்ணீர் பரவாமல் தூரம் பாயுமே, அதே சங்கதி. வலது குழலுக்கு இறுக்கம் குறைவு. ரவைகள் வெளியே வந்ததும் பரவிவிடும், ஆகவே கிட்டத்துத் தட்டுக்கு நல்லது. இடது குழல் நன்றாக இறுகியது. ரவைகள் கூட்டம் கலையாமல் போகும், அது தூரத்துக்கு. ரவையிலும் நம்பர் உண்டு, நம்பர் கூடக்கூட ரவை சிறுக்கும். அண்ணாச்சி மளிகைக்காரர் அல்லவா, ஒன்பதாம் நம்பருக்குக் கடுகு என்றும் ஏழரைக்குக் கம்பு என்றும் பெயர் வைத்திருந்தார். தோட்டாவில் ஈயத்தின் எடை ஒன்றுதான், கடுகு என்றால் எண்ணிக்கையில் அதிகம் பிடிக்கும். ஆனால் தூரம் போவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும்.

அதனால் கிட்டத்துத் தட்டு அண்ணனுக்கு, கடுகு. தூரத்துத் தட்டு தம்பிக்கு, கம்பு. இதோடு விட்டிருந்தால் எனக்கு நிம்மதி. இடது குழலே தேவையில்லை என்று நிரூபிக்க அண்ணாச்சி கிளம்பினார். தூரத்துத் தட்டை வலது குழலால் கடுகு போட்டுச் சுட்டார். தட்டு சொறிந்துகொண்டு போன மாதிரி போய் விழுந்தது. மல்லி விதை அளவுக்குப் பெரிய ரவை போட்டார். எண்ணிக்கை குறைந்து, பரவியும் போனதில், தட்டு இடைவெளியில் புகுந்து தப்பித்தது. தம்பி என்னைப் பார்த்து, "நடுவுல ஒரு மாட்டுவண்டியே போகலாம்னு அவுககிட்டச் சொல்லுங்க சார்" என்றார். தம்பியும் சும்மா இருக்கவில்லை. கிட்டத்துத் தட்டை இடது குழலால் சுட்டார். ரவைகள் ஒரு கைப்பிடி அகலத்துக்குக் கூட்டமாகப் போய்த் தட்டைத் தொடாமலே கடந்துவிட்டன. ஊசியை வைத்துத் தேங்காய் உடைக்கப் பார்க்கிறான் என்று சொல்லச் சொன்னார் அண்ணாச்சி. இந்தத் துப்பாக்கிக்கு இரண்டு பேருமே வேண்டும் என்பது தட்டு வீசுகிற எனக்கு நன்றாகத் தெரிந்தது. சொன்னால் என்னையும் பாகம் பிரித்துவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி ஏழரையைக் கையால் தொடமாட்டார். சனியைக் காசு கொடுத்து வாங்குவார்களா என்பது அவர் கட்சி. தம்பி வேண்டுமென்றே அந்த டப்பாவை அவர் கண்ணில் படும்படி வைப்பார். பிறகு தம்பிக்கு இருமல் வந்தது. ஒவ்வொரு வெடிக்கும் குனிந்து நின்று இருமினார். "ஏழரைய விட்டுட்டு எட்டாவது போடச் சொல்லுங்க சார்" என்று அண்ணாச்சி சொன்னபோது குரலில் வம்பு இல்லை, பயந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தேர்தல் வந்தது. தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைத்தார். ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திரும்பக் கிடைத்தது, ஆனால் அனுபவிக்க முடியவில்லை. அண்ணாச்சி கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் ஓட்டு எண்ணிக்கை எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அரசியலில் இறங்கப்போகிறார் என்று ஊரில் பேச்சு. ஒரு சுயேச்சை வேட்பாளர் வந்து சால்வையே போர்த்திவிட்டுப் போனார்.

அதற்கு நடுவில்தான் தம்பியை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் செய்தி வந்தது. நுரையீரல், நாள் அதிகம் இல்லை என்றார்கள். உடனே போகலாம் என்றேன். அண்ணாச்சி தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துப்பாக்கி வரட்டும் சார். எதச் சாக்கு வச்சு நான் அவன் முன்னால போயி நிக்க?"

எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. கூடப்பிறந்தவனைப் பார்க்கப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து சாக்கு வர வேண்டுமா என்று கத்திவிட்டேன். துப்பாக்கி வருவதற்குள் தம்பிக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று நினைத்து எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

எண்ணிக்கை முடிந்து துப்பாக்கி வந்த அன்று நடுக்கூடத்தில் உட்கார்ந்து துடைத்தார். வலதைத் துடைத்தார். துணியை எண்ணெயில் மறுபடி நனைத்தார். பிறகு இடதையும் துடைத்தார். துப்பாக்கியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, "வாங்க சார், மதுரைக்கு" என்றார்.

மூக்கில் குழாயோடு தம்பி படுத்திருந்தார். கட்டில் கால்மாட்டில் நின்ற அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "எப்படி இருக்கான்னு கேளுங்க" என்றார். எனக்கு டீ குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கதவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். உள்ளே ஒரு ஸ்டூலை இழுக்கிற சத்தம். பிறகு அண்ணாச்சியின் குரல் கேட்டது.

"ஏலே... ஒங்கொழாயில துரு ஏறியிருந்துச்சு. தொடச்சிட்டேன்."

"ரெண்டையும் நீங்களே வச்சுக்கங்கண்ணே."

"எனக்கு எதுக்குலே? கிட்டக்க வாரத நான் சுட்டுருவேன். தூரமாப் போறத யாரு சுடுவா?"

தம்பி சிரித்தார், சிரிப்பு இருமலானது, நர்ஸ் வந்து அண்ணாச்சியை வெளியே அனுப்பினாள். ஊர் வந்து சேரும்வரை அந்த மூன்று பேச்சையும் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் அங்கேயே நின்று கேட்டேன் என்று சொல்லவில்லை. அந்த வாரமே தம்பி போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் தம்பி மகன் வந்து, துப்பாக்கி முழுசாகப் பெரியப்பாவுக்கே என்றான். அண்ணாச்சி வேண்டாம் என்றுவிட்டார். மதுரையில் துப்பாக்கி வியாபாரி ஒருவரிடம் ஒப்படைக்க நானும் கூடப் போனேன். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"பேசாம இருந்தவரைக்கும் வாராவாரம் வந்து நின்னான் சார். பேசுனேன். போயிட்டான்."

காரியாபட்டி தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். கனத்த மனிதர், என் கை மரத்துப்போய்விட்டது. அருப்புக்கோட்டையில் எல்லோரும் இறங்கினார்கள். அவராக விழிக்கிறபோது விழிக்கட்டும் என்று நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.