மீதி நான்கு நிமிடமும் அத்தானின் பதினொரு செய்திகளும்

லா சப்பல், பாரிஸ்
வியாழன் மாலை

அன்பும் மதிப்பும் நிறைந்த அத்தான் குகதாசன் அவர்களுக்கு,

மைத்துனன் ஏரம்பமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மனைவி மனோரஞ்சிதமும், போர்தோவில் மகள் நிருபாவும் ஆளுக்கொரு குறையோடு நலமாக இருக்கிறோம். ஓல்னேயில் நீங்களும் என் அக்கா கோசலையும் குறையே இல்லாமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அரை மணி நேர ரயில் தூரத்தில் இருப்பவருக்கு எதற்குத் தபால் என்று யோசிப்பீர்கள். இது உங்களைப் பற்றிய ஒரு முறைப்பாடு. தொலைபேசியில் சொல்ல என்னிடம் நிமிடம் இல்லை. அதற்கும் ஓரளவு நீங்கள்தான் காரணம்.

என் ஃபொர்ஃபே, அதாவது போன் கட்டணத் திட்டம், மாதத்துக்கு இரண்டு மணி நேரம் என்பது உங்களுக்குத் தெரியும். அதைத் தாண்டிப் பேசினால் தனியாக அறவிடுவார்கள். ஒருமுறை அப்படித் தாண்டியதை மனோரஞ்சிதம் இன்னும் மறக்கவில்லை, மறக்கும் எண்ணமும் அவளுக்கு இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு போன் போதும் என்பது என் கொள்கை என்பதால் அவளுக்குத் தனிப் போன் கிடையாது. நிருபாவின் போன் நிருபாவோடு வேலைப் பயிற்சிக்கு போர்தோ போய்விட்டது. ஆகவே இந்த வீட்டுக்கு மொத்தம் நூற்றிருபது நிமிடம்தான். அதைக் காப்பாற்றத்தான் நீங்கள் அந்தக் காலத்தில் மிஸ்ட் கோல் சட்டம் போட்டுத் தந்தீர்கள். உங்கள் எண் ஒருமுறை அடித்து நின்றால் நீங்கள் சுகம். போனை வீட்டில் விட்டுவிட்டு வரும் நாளில் கடையிலிருந்து நான் இரண்டு முறை அடித்து வைத்தால் உலையை வை. நிற்காமல் அடித்தால் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது. யாரும் எடுக்கக் கூடாது, எண்ண மட்டும் வேண்டும். இந்தச் சட்டத்தை நான் இன்றுவரை மீறியதில்லை. சென்ற வாரம் முழுவதும் வேலை முடிந்து கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தால் திரையில் உங்கள் பெயர்தான். ஒரு வாரத்தில் பதினொரு முறை. அத்தான் குடும்பம் பதினொரு மடங்கு சுகம் என்று மனோரஞ்சிதத்துக்குச் சொன்னேன், அவளும் சந்தோஷப்பட்டாள்.

நீங்கள் அடித்துவிட்டு வைக்கவில்லை, ஒவ்வொரு முறையும் குரல்பெட்டியில் பேசியிருக்கிறீர்கள் என்பது இந்தச் செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. முதல்நாள் திங்கட்கிழமை பன்னிரண்டாவதாக ஒரு புது எண்ணைத் திரையில் கண்டேன். அரசாங்க வீடு ஒதுக்கும் வீட்டு அலுவலகத்துக் கடிதத்தின் தலைப்பில் இருந்த எண்ணோடு வைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு இலக்கமும் சரியாக இருந்தது. பதினொரு வருடமாக வீட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறோம். மனோரஞ்சிதத்தின் முழங்கால் லிஃப்ட் இல்லாத ஐந்து மாடி ஏறி இறங்கித் தேய்ந்தது உங்களுக்குத் தெரியாததில்லை. மறுநாள் உடனே திருப்பி அழைத்தேன். காத்திருக்கச் சொல்லி அவர்கள் போட்ட பியானோவை முப்பத்தெட்டு நிமிடம் கேட்டேன். பிறகு ஒருவர் வந்தார். எங்கள் தொசியேயை, அதுதான் விண்ணப்பக் கோப்பை, பார்க்கும் மதாம் லோறன்ஸ் விடுமுறையில் போய்விட்டாராம், ஒரு வீடு இருக்கிறதாம், விவரமும் பதில் சொல்ல வேண்டிய நேரடி எண்ணும் அவர் விட்ட செய்தியில் இருக்கிறதாம், வெள்ளி நண்பகலுக்குள் பதில் இல்லையென்றால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடுமாம். அவர் வைத்தபோது என்னிடம் நான்கு நிமிடம் மீதி இருந்தது.

அந்த நான்கு நிமிடத்தோடு குரல்பெட்டிக்குள் போனேன். உள்ளே இருக்கும் பெண் பழையதிலிருந்துதான் தொடங்குவா, முந்தி வந்தவருக்கு முந்தி இடம். முதலாவது நீங்கள். முதலில் ஹலோ என்று ஆறு முறை. பிறகு மூர்த்தியா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தீர்கள். பதில் வராததால் மறுபடி கேட்டீர்கள். பிறகு என் சுகம், மனோரஞ்சிதத்தின் சுகம், நிருபாவின் சுகம், முழங்காலின் சுகம் என்று தனித்தனியாக விசாரித்து, ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொல்ல நேரம் விட்டீர்கள். உங்கள் மரியாதையில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சுவர்க் கடிகாரத்தில் மூன்று நிமிடம் ஐம்பது விநாடி ஆனபோது நீங்கள் அக்காவிடம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் வைத்துவிட்டேன்.

புதன்கிழமை கடைக்குப் போய் முதலாளி தவசீலனிடம் நிலைமையைச் சொன்னேன். அவர் விசயம் தெரிந்தவர். வேறொரு போனிலிருந்து உன் எண்ணுக்கே அடி, எடுக்காமல் விடு, உன் குரல் பதில் சொல்லத் தொடங்கியதும் நட்சத்திரப் பொத்தானை அழுத்தி இரகசிய எண்ணைக் கொடு, உன் நிமிடத்தில் ஒன்றும் குறையாது என்றார். கடைப் போனையும் தந்தார். அடித்தேன். என் பையில் போன் அதிர்ந்தது, கை தன் பாட்டில் போய் எடுத்துவிட்டது. இரண்டு காதிலும் ஆர் கதைக்கிறது என்று கேட்டேன், இரண்டு பக்கமும் நானே இருந்தேன். தவசீலன் மரக்கறி அடுக்கப் போய்விட்டார்.

அதனால் மதியம் போனை வீட்டில் மனோரஞ்சிதத்திடம் கொடுத்து, அடிக்கும், எடுக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து மறுபடி அடித்தேன். அவள் சொன்னபடி எடுக்கவில்லை. எண்ணியிருக்கிறாள். இரண்டாவது மணிக்கு உலையை வைத்திருக்கிறாள். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று நிற்காமல் அடித்ததும் உங்கள் சட்டப்படி எனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று முடிவெடுத்து, அடுப்பை அணைக்காமல், வீட்டுச் செருப்போடு, அந்த முழங்காலோடு ஐந்து மாடியும் இறங்கி, தெருவெல்லாம் கடந்து கடைக்கு வந்துவிட்டாள். நட்சத்திரம் எங்கே என்று தேடியதில் தவறவிட்டு வைத்துவிட்டு, நான் அப்போதுதான் மறுபடி அடிக்கப் போனேன். வாசலில் மூச்சு வாங்க நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“உங்களுக்கு ஒண்டும் இல்லையே?” என்றாள்.

ஒன்றும் இல்லை என்றேன். அது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. சோறு அடிப்பிடித்த கதையை இங்கே எழுதவில்லை.

வீட்டுக்கு ஓடி அடுப்பை நிறுத்திவிட்டுப் போனோடு கடைக்கு வந்து, மூன்றாம் முறை அதை அணைத்தே வைத்துவிட்டு அடித்தேன். என் குரல் வந்தது, நட்சத்திரத்தை அழுத்தினேன், அந்தப் பெண் இரகசிய எண் கேட்டா. அந்த எண்ணைப் போட்டு எத்தனையோ வருடம். நிருபா பிறந்த ஆண்டைக் கொடுத்தேன், பிழை. நான் பிரான்ஸ் வந்த ஆண்டைக் கொடுத்தேன், பிழை. கல்யாண ஆண்டாக இருக்கும் என்று நினைத்து, பக்கத்தில் கதிரையில் இருந்த மனோரஞ்சிதத்திடம் சரிபார்த்தேன். அவள் சொன்ன ஆண்டு வேறு. அவளோடு முரண்பட வேண்டாம் என்று அவள் சொன்னதையே கொடுத்தேன். இருபத்துநான்கு மணி நேரத்துக்குக் கதவு அடைக்கப்பட்டது. கல்யாண ஆண்டு பற்றி வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை.

அத்தான், இதற்குள் நீங்கள் இன்னும் மூன்று செய்தி விட்டிருக்கிறீர்கள். இருபதோடு பெட்டி நிரம்பிவிடும் என்கிறார் தவசீலன். நாளை நண்பகலோடு வீடு போய்விடும். எனக்குப் பயமாக இருக்கிறது. இவளை இன்னும் எத்தனை வருடம் இந்தப் படியில் ஏற்றுவேன்? இந்தக் கடிதம் சனிக்கிழமைதான் உங்களுக்குக் கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் மனதில் உள்ளதை எழுதாமல் இருக்க முடியவில்லை. தயவுசெய்து இனிமேல் என் எண்ணுக்கு அழைக்க வேண்டாம். சுகம் என்றால் சுகமாகவே இருங்கள், எனக்கு அறிவிக்க வேண்டாம். சொல்லக் கூடாததைச் சொல்கிறேன், கொஞ்ச நாளைக்கு நாம் தூரமாகவே இருப்பது இரண்டு குடும்பத்துக்கும் நல்லது.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் இரத்த அழுத்தம் குறையவும், ஆயுள் கூடவும், பேச்சு அளவோடு அமையவும் அம்பாளை வேண்டும்,

மைத்துனன்
ஏரம்பமூர்த்தி

பி.கு. (வெள்ளி, பிற்பகல்): நிருபா இன்று காலை போர்தோவிலிருந்து வந்தாள். நடந்ததைச் சொன்னோம். சொந்தப் போனிலிருந்து குரல்பெட்டி கேட்டால் இந்த ஃபொர்ஃபேயில் நிமிடமே கழியாது என்றாள், இரண்டு வருடமாக அப்படித்தானாம். பிறகு போனைச் சமையல் மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி திறந்துவிட்டாள்.

உங்கள் இரண்டாவது செய்தியில், உங்கள் வீட்டுக்கு எதிர்க்கதவு வீடு காலியாகிறது என்று சொன்னீர்கள். மூன்றாவதில், கட்டடத்தைப் பார்க்கும் ஜெர்மேன் அம்மாவைக் கொண்டு ஒரு கடிதம் எழுதுவித்து, எங்கள் தொசியே இலக்கத்தோடு வீட்டு அலுவலகத்தில் கொடுத்ததைச் சொன்னீர்கள். அடுத்த எட்டிலும், அவர்கள் அழைப்பார்கள், எடு என்று கெஞ்சினீர்கள். பன்னிரண்டாவது மதாம் லோறன்ஸ்: ஓல்னே, மூன்றாம் மாடி, லிஃப்ட் உண்டு. கடைசிச் செய்தி நேற்று மாலை நீங்கள் விட்டது.

“மூர்த்தி, நீ எடுக்கமாட்டாய் எண்டு தெரியும். இண்டைக்கு நான் நேரை போய், அவன் கட்டாயம் வருவான், வேறை ஆருக்கும் குடுத்திடாதேங்கோ எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். கொக்கா கோசலை உங்கடை புது வீட்டு யன்னலுக்கு சீலை அளந்துபோட்டாள்.”

பதினொன்று நாற்பதுக்கு நிருபா அந்த நேரடி எண்ணுக்கு அழைத்துச் சம்மதம் சொன்னாள். மனோரஞ்சிதம் அழுதாள். நானும் அழுதேன். மேலே உள்ளதைக் கிழித்துவிடத்தான் நினைத்தேன், அத்தானுக்கு உள்ளது உள்ளபடி தெரியட்டும் என்று மனோரஞ்சிதம் விடவில்லை. அக்காவுக்கு மட்டும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

உங்கள் பதினான்கையும் முதலிலிருந்து இன்னொரு முறை கேட்டோம். அழிப்பதற்கு ஏழாம் இலக்கத்தை அழுத்தச் சொல்லுகிறா அந்தப் பெண். நான் அழுத்தவில்லை. பெட்டி நிரம்பினால் நிரம்பட்டும். அடுத்த மாதத்திலிருந்து ஏதும் சொல்ல வேண்டுமென்றால் கதவைத் தட்டுங்கள் அத்தான், நான் எடுப்பேன்.