பார்வைக்கும் செவிக்கும் எட்டும் தூரம்

மனித குலம் இதுவரை இயற்றிய சட்டங்களிலேயே தலைசிறந்தது எது என்று யாராவது என்னைக் கேட்டால், தயங்காமல் எங்கள் ஊழியக் கையேட்டில் உள்ள ‘துணை விதி’யைத்தான் சொல்வேன். ஊழியர் ஒவ்வொருவரும் தம் துணைவரை எக்காலத்தும் தம் பார்வைக்கும் செவிக்கும் எட்டும் தூரத்திலேயே வைத்திருக்கக் கடவர். விதி அவ்வளவுதான். தத்துவ ஞானிகள் தலையைப் பிய்த்துக்கொண்ட தனிமை என்னும் பிணியை எங்கள் மிஷன் ஒரே வரியில் ஒழித்துக் கட்டிவிட்டது. விதிவிலக்கு இரண்டே இடங்களுக்கு உண்டு. ஒன்று கழிப்பறை, இன்னொன்று மிஷன் தலைவரின் அறை. மனிதன் தன் பாரத்தை இறக்கி வைக்கத் தனியாகத்தான் போக வேண்டும் என்று பெரியவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

நான் அமெரிக்காவின் ஐடஹோவில் உருளைக்கிழங்கு பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவன். சுவிசேஷம் சொல்லப் பராகுவேக்கு அனுப்பப்பட்டபோது எனக்கு வயது பத்தொன்பது. வந்து இறங்கியதும் எனக்குக் கிடைத்த பட்டம் ‘மூப்பர்’. மீசை ஒழுங்காக முளைக்காதவனுக்கு மூப்பர் பட்டம் தருகிற தொலைநோக்கு வேறு எந்த நிர்வாகத்துக்கு வரும்? ஊர்க்காரர்கள் எங்களை ‘மார்மன் பசங்க’ என்றார்கள். அது அவர்களுடைய அறியாமை.

என் துணைவர் மூப்பர் விண்டர்டன், யூட்டாவில் வான்கோழிப் பண்ணை வைத்திருப்பவரின் மகன். அவருக்கும் என் வயதுதான். இயற்பெயர் சொல்லி அழைத்துக்கொள்ள எங்களுக்கு அனுமதி கிடையாது. ஆகவே பல் தேய்க்கும்போதுகூட, ‘மூப்பரே, அந்தப் பேஸ்ட்டைக் கொஞ்சம் கொடுங்க’ என்று மரியாதை தவறாமல்தான் பேசிக்கொண்டோம்.

பராகுவேயில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வெளிக்கதவுக்கு முன்னால் நின்று கை தட்ட வேண்டும். முட்டை போட்டால் பொரிகிற வெயிலில் டை கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கை தட்டினோம். மக்கள் தங்கமானவர்கள். மாமரத்தடியில் உட்கார்ந்து தெரெரே என்னும் குளிர்ந்த மூலிகைப் பானத்தை உறிஞ்சிக்கொண்டே எங்களைப் புன்னகையோடு பார்த்து, நாளைக்குக் கட்டாயம் வாருங்கள் என்பார்கள். நாளைக்குப் போனால் கட்டாயம் இருக்கமாட்டார்கள். கை தட்டியது நாங்கள், நடித்தது அவர்கள்.

இப்படி இனிமையாகப் போய்க்கொண்டிருந்த ஊழியத்தில், விண்டர்டனுக்கு என்னவோ ஆகிவிட்டது. வீட்டு வாசலில் நின்று கைகளை உயர்த்துவார், ஆனால் தட்டமாட்டார். இரண்டு உள்ளங்கையும் காற்றில் அப்படியே நிற்கும். அந்த வீட்டு நாய் பொறுமையிழந்து குரைத்து, எங்கள் வேலையைச் செய்து முடிக்கும். சாப்பாட்டுத் தட்டில் மரவள்ளிக்கிழங்கு ஆறிக் கிடக்கும். தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் இருக்கத் தொடங்கினார். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்கும். விதிப்படி நான் அங்கே காவல் நிற்க வேண்டியதில்லை. இருந்தாலும் கடமை உணர்ச்சியால் கதவுக்கு வெளியே, செவிக்கு எட்டும் தூரத்தில், நின்றுகொண்டிருப்பேன்.

ஊரார் மரியாதையாக ‘ஞா’ என்றழைக்கும் எங்கள் வீட்டுக்காரம்மா ஞா எவுலாலியாவுக்கு நிர்வாகப் பயிற்சி எதுவும் கிடையாது. அதனால் அவர் நேராக விண்டர்டனிடமே போய், “ஏன்யா, கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு? உனக்கு என்னய்யா பண்ணுது?” என்று கேட்டுவிட்டார். ஒரு மூப்பரிடம் கேட்கிற கேள்வியா இது? ஏதோ பச்சிலையை இடித்துத் தெரெரேயில் போட்டுக் கொடுத்தார். விண்டர்டன் அதைக் குடித்துவிட்டு, அந்தம்மாவின் அடுப்படியில் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். பல நாளுக்குப் பிறகு அவர் தூங்கி நான் பார்த்தது அப்போதுதான். ஞானஸ்நானம் பெறாதவர் கொடுத்த மருந்து என்பதால் இதை நான் மேலிடத்துக்குத் தெரிவிக்கவில்லை.

மற்றதையெல்லாம் தெரிவித்தேன். எங்கள் வட்டாரத் தலைவர் மூப்பர் பாங்கர்ட்டர் பழுத்த அனுபவசாலி. என்னைவிட ஒரு வயது பெரியவர். அவர் போனிலேயே நோயைக் கண்டுபிடித்துவிட்டார். இதற்கு எங்கள் வழக்கில் ‘பெட்டி கட்டிய மனம்’ என்று பெயர். உடம்பு ஊழியத்தில் இருக்கும், மனசு பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருக்கும். அதற்கு மருந்து இன்னும் நிறைய வாசல்களில் கை தட்டுவதுதான். விண்டர்டனுக்குக் கை தட்டத்தான் வரவில்லை என்று நான் நினைவூட்டியதும், அப்படியானால் மருந்தின் அளவை இரட்டிப்பாக்குங்கள் என்றார்.

மிஷன் தலைவர் மெலாண்டரும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் நீச்சல் குளம் கட்டி விற்று, பேரோடு ஓய்வு பெற்று வந்தவர். விண்டர்டன் அவர் அறைக்குள் தனியாகப் போய், வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். தலைவர் தகப்பனைப் போல் தோளில் கை போட்டு, தன்னை மறந்து உழைக்கச் சொல்லி, ஒரு சாக்லேட்டும் கொடுத்து அனுப்பினார். தன்னை மறந்து உழைத்ததால்தான் இந்தக் கதிக்கு ஆளானார் என்பதைத் தலைவரிடம் எடுத்துச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

அன்று சாயங்காலம் விண்டர்டன் அந்தச் சாக்லேட்டை என்னிடம் நீட்டினார்.

“பாதியில திரும்பினா ஊரே பேசும். சபைல எங்கப்பா பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. அதெல்லாம் தெரியாமலா கேக்கறேன்? இங்க இன்னும் இருந்தா என்னை நானே ஏதாவது பண்ணிக்குவேனோன்னு பயமா இருக்கு, மூப்பரே.”

உடனே வட்டாரத் தலைவரைக் கூப்பிட்டு, விண்டர்டன் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். பாங்கர்ட்டர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாங்கள் இருவரும் சேர்ந்தேதான் இருக்கிறோமா என்று விசாரித்தார். சேர்ந்தேதான் இருக்கிறோம் என்றேன். அப்படியானால் கவலையில்லை என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விண்டர்டன் பெட்டியோடு வந்து நின்றார்.

“நான் வீட்டுக்குப் போறேன், மூப்பரே. பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஷூவைப் போடுங்க.”

“நான் எதுக்கு?”

“நீங்க வரலேன்னா நான் தனியால்ல போகணும்? விதிய மீறச் சொல்றீங்களா?”

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ இடத்திலிருந்து ஓடிப்போயிருக்கிறார்கள். துணைவர் ஷூ போட்டு முடிக்கும்வரை வாசலில் காத்திருந்து, சட்டப்படி ஓடிப்போனவர் எங்கள் விண்டர்டன் ஒருவர்தான். நான் போகாவிட்டால் அவரைத் தனியாக விட்ட குற்றம் எனக்கு. நான் இல்லாமல் அவர் போனால் என்னைத் தனியாக விட்ட குற்றம் அவருக்கு. ஆகவே இருவரும் ஜோடியாக ஓடிப்போனோம். ஞா எவுலாலியா வாசல்வரை வந்து விண்டர்டனின் கன்னத்தைத் தடவி, ஒரு பொட்டலம் சிப்பா ரொட்டியைக் கையில் திணித்தார். உன் அம்மாவைப் போய்ப் பார் என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பஸ் புறப்பட்ட பிறகுதான் அடுத்த சட்டச் சிக்கல் உதித்தது. அனுமதியில்லாமல் ஊழிய எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் எல்லை ஊர்க்கோடி ஓடைப் பாலத்தோடு முடிகிறது. பாலம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நான் பாங்கர்ட்டரைப் போனில் பிடித்துவிட்டேன்.

“அவரை விட்டுடாதீங்க” என்றார்.

“சரி.”

“பாலத்தையும் தாண்டிடாதீங்க.”

“அவர் பஸ்ல இருக்காரே. பஸ் தாண்டுதே.”

“டிரைவர்கிட்ட விதிய எடுத்துச் சொல்லிப் பாருங்களேன்.”

அதற்குள் பஸ் பாலத்தில் ஏறிவிட்டது. விஷயம் தலைவருக்குப் போயிற்று. இப்படிப்பட்ட நெருக்கடியில்தான் பெரிய மனிதர்களின் அருமை புரிகிறது. தலைவர் மெலாண்டர் கொஞ்சமும் பதறாமல், எங்கள் ஊழிய எல்லையை அந்தப் பேருந்து வரைக்கும் விரிவாக்கி உத்தரவிட்டார். அதாவது பஸ் எங்கே போகிறதோ, எல்லையும் கூடவே போகும். எல்லைக்குள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதல்லவா? நான் எழுந்து நின்று இருக்கை இருக்கையாகச் சுவிசேஷம் சொல்லிக்கொண்டு போனேன். எல்லாரும் புன்னகையோடு நாளைக்கு வரச் சொன்னார்கள். விண்டர்டன் ஜன்னலோரம் உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார். அவர் பசித்துச் சாப்பிட்டதைப் பார்த்ததில் எனக்கு உபதேசமே தடுமாறிப்போயிற்று.

தலைநகரில் தலைவர் எங்களைக் கோபிக்கவே இல்லை. விண்டர்டனை அறைக்குள் அழைத்துப் போனார். அந்தக் கதவில் கண்ணாடி பதித்திருந்ததால், வெளியே இருந்த நான் அங்கேயும் விதி பிசகாமல் பார்த்துக்கொண்டேன். விண்டர்டன் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, மூப்பர் ஊருக்குத் திரும்புகிறார் என்றும், விமானம் மறுநாள் விடியற்காலை என்றும், தமக்கு அன்று மாலை ஒரு மாநாடு இருப்பதால் இப்போதே விமான நிலையத்தில் விட்டுவிடலாம் என்றும் அறிவித்தார்.

ஒரு பையன் தன்னை ஏதாவது செய்துகொள்வேனோ என்று பயப்படுகிறானே, அவனை ராத்திரி முழுக்க விமான நிலையத்தில் தனியாக விடுவதா? துணை விதி இருக்கிறதே என்று தலைவரிடமே சொன்னேன்.

தலைவர் அகமகிழ்ந்து என் முதுகில் தட்டினார். அதெல்லாம் மறப்பாரா? ஏற்கெனவே ஏற்பாடு செய்துவிட்டாராம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விமான நிலையத்து வாசலில் மூப்பர் பாங்கர்ட்டரும் அவருடைய துணைவரும் வியர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தார்கள். இத்தனை வாரம் எங்கள் ஊர்ப்பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள், அத்தனை தொலைவிலிருந்து விழுந்தடித்து வந்திருக்கிறார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. விண்டர்டனுக்கு ராத்திரி முழுக்க இரட்டைத் துணை என்று நினைத்தேன்.

தலைவர் ஒரு சின்ன ஜெபம் செய்தார். விண்டர்டனை ஊழியப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதாகச் சொல்லி, அவர் சட்டைப் பையில் குத்தியிருந்த கறுப்புப் பெயர்ப்பட்டையைத் தம் கையாலேயே கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். பாங்கர்ட்டர் உடனே வந்து என் கையைப் பிடித்தார்.

“வாங்க, மூப்பரே. நீங்க தனியாயிடக் கூடாதுன்னுதான் ஓடி வந்தோம்.”

“அப்போ அவரு?”

“அவரு இப்ப மூப்பர் இல்லியே.”

விண்டர்டன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போகிற வழியில் சட்டென்று நின்று திரும்பி, நான் வரட்டும் என்று காத்திருந்தார். பழக்க தோஷம். பிறகு நினைவு வந்துவிட்டது போலிருக்கிறது. முதன்முறையாக என்னை இயற்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

“போடா, டெரல். உன்னைத் தேடப் போறாங்க.”

பாங்கர்ட்டர் அந்தப் பெயரைக் கேட்டு முகம் சுளித்தார். இருவரும் என்னை நடுவில் வைத்து வண்டிக்கு நடத்திப் போனார்கள். நான் பார்வைக்கு எட்டும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அடுத்த மாநாட்டில் தலைவர் என்னை மேடைக்கு அழைத்துப் பாராட்டினார். நெருக்கடியான வேளையிலும் துணைவரை ஒரு கணமும் பிரியாத உத்தம ஊழியர் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் கைகளை உயர்த்தினேன், தட்ட வரவில்லை. ஆனால் தலைவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. எங்கள் மிஷனில் எந்த மூப்பரையும் தனியாக விட்டதாகச் சரித்திரமே கிடையாது. விடுவதற்கு முன்னால் பெயர்ப்பட்டையைக் கழற்றி வாங்கிவிடுகிறோம்.