குழிக்கு எதிரே ஒரு டீக்கடை

மேனாம்பேட்டில் எங்காவது ஒரு டீக்கடை வைப்பதென்று எழிலரசி தீர்மானித்தபோது, டீ போடத் தெரிந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தாள். ஐ.டி. கம்பெனி அவளை மிகுந்த மரியாதையோடு வேலையைவிட்டு அனுப்பியிருந்தது. சுக்கு காபியும் வாழைப்பூ வடையும் அவளுக்குக் கைவந்தவை. இடம்தான் பாக்கி.

"இடத்த நாம தேர்ந்தெடுக்கக் கூடாது மேடம். டேட்டா தேர்ந்தெடுக்கணும்" என்றான் வெற்றிச்செல்வன். கடைகளுக்கு இடம் பார்த்துச் சொல்வதே அவன் தொழில். அவன் லேப்டாப்பில் விரித்த வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டும் ரத்தச் சிவப்பாக இருந்தது. "இங்கதான் ஜனங்க அதிக நேரம் நிக்கிறாங்க. ஏன்னு டேட்டா சொல்லாது."

நேரில் போனதும் தெரிந்தது. நடுரோட்டில் ஒரு குழி. குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் குழாயை மறந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் வண்டிகள் நகராமல் நின்றன. எதிரே ஒரு கடை காலியாக இருந்தது.

"குழிய மூடிட்டா இன்னா பண்றதுன்னு பாக்குறியாம்மா?" என்றார் கடையின் சொந்தக்காரர் கோதண்டம். "நானும் மனு குட்துகினே கீறேன். மூட மாட்டானுங்க. தைரியமா வா."

கடை ஓஹோவென்று நடந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே வடை தின்றார்கள். குழியைத் தோண்டியவனின் குலத்தைத் திட்டிக்கொண்டே இன்னொரு டீ கேட்டார்கள். எழிலரசியும் சேர்ந்து வாய் நிறையத் திட்டினாள். பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை வந்தது. அதற்கு மேல்மாடியில் எலும்பு டாக்டர் வந்தார்.

அப்போதுதான் குழியை மூடப்போவதாக ஒரு புரளி கிளம்பியது. எழிலரசி சாலைகளைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே பக்தவத்சலம் என்ற பொறியாளர் இருந்தார்.

"சார், அந்தக் குழி அப்படியே இருக்கட்டும்."

அவர் விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். "குழியை மூடக் கோரும் மனுவுக்கு விதி இருக்கு. குழியைப் பராமரிக்கக் கோரும் மனுவுக்கு விதியே இல்லையேம்மா."

"அப்ப என்ன சார் பண்றது?"

"மூடச் சொல்லியே மனு குடுங்க. பரிசீலனையில போட்டுடறேன். பரிசீலனை முடியறவரைக்கும் எவனும் குழியைத் தொட முடியாது."

இவ்வளவு தெளிவான யோசனையை அவள் தன் கம்பெனியில்கூடக் கேட்டதில்லை. மனுவைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

அவள் கெட்ட நேரம், குறைதீர்ப்பு வாரம் வந்தது. ஏதாவது ஒரு குறையையாவது தீர்த்துக் காட்ட வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. மனுக் குவியலில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது அவள் மனு. குழி மூடப்பட்டது. பொதுநலச் சிந்தனை கொண்ட பெண்மணி என்று அவளுக்குச் சால்வை போர்த்திப் படம் பிடித்தார்கள். படத்தில் அவள் அழுவதை ஆனந்தக் கண்ணீர் என்றார்கள்.

வண்டிகள் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்தன. டாக்டர் காலி செய்தார். "நான் எத்தினி மனு குட்தேன்" என்றார் கோதண்டம். "உன்னுத போய்ப் படிச்சிகீறானுங்களே."

ஆனால் குழி இருந்த தெருவில் வியாபாரம் கொழித்த செய்தி பரவிவிட்டது. அயனம்பாக்கத்திலிருந்து வேப்பம்பட்டுவரை, வாசலில் கடை கட்டி வாடகைக்கு விட நினைத்த வீட்டுக்காரர்கள் அலுவலக வாசலில் கூடினார்கள். எல்லோருக்கும் அவரவர் தெருவில் ஒரு குழி வேண்டும். குழிகள் முன்னுரிமைப்படி வழங்கப்படும் என்று பக்தவத்சலம் அறிவித்தார். வரிசை ரோட்டுக்கு வந்து வளைந்து நின்றது. நகரவில்லை.

எழிலரசி அடுப்பை அலுவலக வாசலுக்கு மாற்றினாள்.

வரிசையில் நின்ற கிருஷ்ணப்பிரியா ஒரு அடுக்ககச் சங்கத்தின் செயலாளர். "காலையிலேர்ந்து நிக்கிறோம். உள்ள ஒரு வேலையும் நடக்கல. இந்த நாடு எப்பங்க உருப்படும்?" என்று கேட்டு இன்னொரு காபி வாங்கினார்.

"அதானே" என்றாள் எழிலரசி. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். பக்தவத்சலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் மனுவைக் கையில் எடுத்துவிட்டார். வரிசை நகர்ந்துவிடுமே! எண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு தட்டு வடையை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.