சீசரின் காலும் என் கல்யாண ஓலையும்

நாய்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்று இருபத்தாறு வயது வரை நம்பியிருந்தேன். (இப்போது அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவேன்.)

எழுபதுகளில் தூத்துக்குடித் துறைமுகத்தில் நான் கிரேன் ஆபரேட்டர். கண்ணாடிப் பெட்டியைக்கூடக் கீறல் விழாமல் இறக்குவான் என்று பெயர். செல்வராணிக்கும் எனக்கும் நிச்சயமாகி, மாதா கோயிலில் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு ஏதாவது தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு கேட்பார்கள். இன்னும் இரண்டு ஞாயிறு பாக்கி. சும்மா இருந்திருக்கலாம். ஏதோ சாக்கு வைத்து மாமனார் வீட்டுக்குப் போனேன்.

மாமனார் மிக்கேல் கப்பலில் சமையல்காரர். வெளிநாட்டிலிருந்து ஒரு நாய் கொண்டுவந்திருந்தார். பெயர்தான் சீசர், ஆள் பெருச்சாளி அளவு. நாற்காலியிலிருந்து இறங்கக்கூட அவர்தான் தூக்கிவிட வேண்டும். எனக்கு எரிச்சலாக வந்தது. எங்கள் கடற்கரை நாய்கள் வள்ளத்திலிருந்து மணலில் குதித்து, உடம்பை உதறிக்கொண்டு மீன் தலை தேடிப் போகும்.

மாமனார் உள்ளே போன நேரம் பார்த்து, "நாய்னா குதிக்கணும்" என்று செல்வராணியிடம் சொல்லிவிட்டு, நாற்காலியில் இருந்த சீசருக்குக் கீழே நின்று கருவாட்டுத் துண்டைக் காட்டினேன். குதித்தது. சுள்ளி ஒடிகிற சத்தம். முன்னங்கால் தொங்கியது. நாய் போட்ட கூச்சலைவிட மாமனார் போட்ட கூச்சல் பெரிது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். "எலும்பு தீக்குச்சி கனந்தான் இருக்கு. இந்தச் சாதி நாயை யாரு குதிக்க விட்டது?" நான் சுவரைப் பார்த்தேன். "ஆறு வாரம் தரையில விடப்பிடாது" என்றார்.

மாமனார் நேராகக் கோயில் பங்குச் சாமியாரிடம் போனார். (பின்னால் நான், கையில் நாய்.)

"சாமி, கல்யாணத்துக்குத் தடை இருக்கு. ஒரு நாயைப் பாத்துக்கத் தெரியாதவன் எம் மவளை எப்பிடிப் பாத்துக்கிடுவான்?"

செல்வராணி கைநழுவிப் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

சாமியார் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாய்க்கால் ஒடிஞ்சதெல்லாம் தடையில வராது, மிக்கேலு. ஆனா கட்டு அவுக்கித வரைக்கும் அடுத்த ஓலை வாசிக்கல. அதுவரைக்கும் நாயை இவன் சுமக்கட்டும்."

ஆறு வாரம். வேலை முடிந்ததும் போய்ச் சீசரைச் சுமந்தேன். அது ஒன்றுக்குப் போகும்போதும் வயிற்றைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். "ஏலே, பாத்து எறக்கு" என்று மாமனார் கையால் சைகை காட்டுவார், எனக்குக் கிரேன் ஓட்டத் தெரியாதது போல. சீசர் என்னைப் பார்த்து உறுமும். செல்வராணி சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

கால் கூடியது, கல்யாணமும் நடந்தது. சீசர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. எனக்கு இப்போது மூன்று பேரப்பிள்ளைகள். ஒவ்வொன்றையும் முதன்முதலாகக் கையில் வாங்கப் போனபோது செல்வராணி சொன்னது ஒன்றேதான்:

"மொதல்ல தரையில உக்காருங்க."

முப்பது வருடம் கிரேன் ஓட்டியவன், மூன்று முறையும் உட்கார்ந்துதான் வாங்கினேன்.