என்னைத் தவிர எல்லோரையும் காட்டு

தப்பு செய்தவனைக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். பொம்மிடியில், பெண் பார்க்கப் போன வீட்டில், ஒரு தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அந்த நம்பிக்கை உடைந்தது. (மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை.)

பெண் பார்க்கப் போகிறவனுக்கு லேப்டாப் எதற்கு? அம்மாவின் யோசனை அது. "கம்ப்யூட்டர் வேலைன்னா வூட்ல சும்மா குந்தியிருக்கறான்னு நெனைக்கறாங்கடா. தோள்ல மாட்டிக்கிட்டு வா, பாக்கட்டும்." ஞாயிறு பூசை முடிந்து மாட்டிக்கொண்டு போனேன். பெண்ணின் அப்பா மரவள்ளி பயிரிடுகிறவர். என்னை விட்டுவிட்டுப் பையைத்தான் உற்றுப் பார்த்தார். அவர் மகள் ஜெசிந்தா காபித் தட்டோடு வந்து நின்றதும் என் போன் அடித்தது.

கூப்பிட்டவர் ஒகேனக்கல்லில் ஒரு லாட்ஜ் மேனேஜர். அங்கே ரூம் பதிவு செய்யும் சாஃப்ட்வேர் எங்கள் கம்பெனி எழுதிக் கொடுத்தது.

"சார், ஒரே ரூமை ரெண்டு ஃபேமிலிக்குக் குடுத்திருக்கு சார்! எண்ணெ தேச்சுக்கிட்டு ரெண்டு பேரும் வராண்டாவுல நிக்கறாங்க. கைகலப்பு ஆயிடும் போல!"

அந்த வீட்டில் ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் கிடைத்தது. அங்கே இருந்தது தையல் மிஷின். அதன் மேல் லேப்டாப்பைத் திறந்தேன். இரண்டு குடும்பமும் என்னைச் சுற்றி நின்றது. பதற்றத்தில் என் கால் மிதியை அழுத்த, மிஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. காலை எடுத்தேன். அது தானாகப் போய் மறுபடி அழுத்தியது.

எங்கள் தொழிலில் யார் எந்த வரியை என்றைக்கு மாற்றினார்கள் என்பது ஒன்றுவிடாமல் பதிவாகும். ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட். 'கிட் லாக்' என்று தட்டினால் கடைசியாக நடந்தது மேலே வர, அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும். தேதி, ஆள், கோப்பு என்று எப்படி வேண்டுமானாலும் வடிகட்டிக்கொள்ளலாம். நான் ஒரு வடிகட்டி செய்து வைத்திருந்தேன்: என்னைத் தவிர எல்லோரையும் காட்டு. நான்தான் தப்பே செய்யமாட்டேனே, என்னைத் தேடி ஏன் நேரத்தை வீணாக்க வேண்டும்? (கம்பெனியில் மொத்தமே மூன்று பேர். அதில் ஒருவர் முதலாளி, அவர் புரோகிராம் எழுதுவதில்லை.)

ஆக, பட்டியலில் மஞ்சு மட்டும் வந்தான். ஓசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரப் பையன், யாராயிருந்தாலும் 'குரு' என்றுதான் கூப்பிடுவான். வியாழக்கிழமை ஒரு பட்டனின் நிறத்தை மாற்றியிருந்தான். அவனைக் கூப்பிட்டு, என் அதிகாரம் பெண் வீட்டாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"கலர்தானே குரு மாத்துனேன்? அதுக்கும் ரூமுக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கே பாடம் எடுக்கறியா? பழைய கலரை வை மொதல்ல!"

வைத்தான். மேனேஜர் மறுபடி அழைத்தார். "சார், பட்டன் நீலமா மாறிடுச்சு சார். இப்ப மூணாவது ஃபேமிலியும் வந்திருச்சு."

அம்மா ஜெபமாலையை எடுத்துவிட்டாள். பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார். "ஏனுங்க தம்பி, தெனமும் இப்படித்தானுங்களா உங்க வேல?" வெளியே ரயில் ஒன்று போனது. அதில் ஏறிப் போய்விட்டால் என்ன என்று சத்தியமாகத் தோன்றியது.

அப்போதுதான் ஜெசிந்தா பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள். அவளும் சாஃப்ட்வேரில் டெஸ்டிங் வேலை செய்கிறாள் என்பதை, பெண் பார்க்க வந்த நான் கேட்டே வைத்திருக்கவில்லை.

"இதுல உங்க பேரு ஏங்க வரல?"

"அது... என்னோடதை விலக்கிட்டுப் பாக்கறேங்க."

"ஏங்க?"

என் கால் மறுபடி மிதியை அழுத்தியது.

"உங்களையும் சேத்துப் பாருங்க," என்றாள்.

சேர்த்தேன். மஞ்சு இப்போது திரும்ப வைத்த கலருக்கு நேர் கீழே என் பெயர். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஊருக்கு பஸ் பிடிக்கும் அவசரத்தில் செய்தது. 'தேவையில்லாத வரி நீக்கம்' என்று என் கையாலேயே குறிப்பும் எழுதியிருந்தேன். ரூமில் ஏற்கெனவே ஆள் இருக்கிறதா என்று பார்க்கும் வரிதான் அந்தத் தேவையில்லாத வரி.

அதைத் திரும்ப வைத்தேன். இனிமேல் வேறு யாருக்கும் அந்த ரூம் போகாது. மூன்று குடும்பத்தில் இரண்டைப் பக்கத்து லாட்ஜுக்கு அனுப்புவதாக மேனேஜர் சொன்னார். மஞ்சுவிடம் மன்னிப்புக் கேட்கப் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நழுவினேன்.

"திட்டும்போது ஸ்பீக்கர்ல போட்டீங்கல்ல? இப்பவும் போடுங்க," என்றாள் ஜெசிந்தா.

போட்டேன். காது சூடாக, இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் நின்று, "தப்பு என்னுதுதான் மஞ்சு, மன்னிச்சுக்கோ," என்றேன். மஞ்சுவின் குரல் கணீரென்று வந்தது.

"அது கெடக்கட்டும் குரு. இவ்ளோ கலாட்டாவுக்கு அப்புறமும் பொண்ணு உன்ன வேணாம்னு சொல்லலியா?"

எல்லோரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். அவள் என் கையில் ஆறிப்போன காபியைக் கொடுத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஸ்பீக்கரில் போடாமல் வெளியே போயிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாளாம். கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னாள்.

கம்ப்யூட்டரில் என் மாமனாருக்குத் தெரிந்தது அன்றைக்குக் கற்றது ஒன்றுதான். போன வாரம் எங்கள் வீட்டு மாடித் தொட்டி நிரம்பி, தண்ணீர் வாசல் வரை ஓடியது. "மோட்டாரைப் போட்டுட்டு மறந்தது யாரு?" என்று நான் கத்தினேன். வந்திருந்த மாமனார் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார்:

"உங்களச் சேத்துத்தானுங்களே மாப்ள கேக்கறீங்க?"

நான் போய் மோட்டாரை நிறுத்தினேன்.