சௌந்திரத்தின் படித்துறையும் மெதுவாகப் போகும் படகும்

அன்பும் மரியாதையும் உள்ள சவரியார் அண்ணனுக்கு,

தங்கை ஜாக்குலின் எழுதுவது. மாதா தயவில் இங்கு நாங்கள் சுகம். அங்கு நீங்களும் அண்ணியும், சங்ககிரி ஷெட்டில் நிற்கும் லாரிகளும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் போனை எடுத்தாலே உங்கள் மச்சான் ஆரோன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நகம் வெட்டுகிறார். ஒரு மனிதனுக்கு நகம் அவ்வளவு சீக்கிரம் வளராது.

முதுகுவலி என்று உங்கள் லாரியை விட்டு இறங்கியவர், இங்கே ஏரியில் மோட்டார் படகு ஓட்டச் சேர்ந்ததிலிருந்து வலியும் இல்லை, முனகலும் இல்லை. காலையில் பாட்டு முணுமுணுக்கிறார். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். இந்தக் கோடையில் கிழக்கரையில் ஒரு போர்டு வைத்தார்கள். அங்கே கோரைக்குள் பறவைகள் கூடு கட்டியிருக்கின்றன, துணி துவைக்கும் படித்துறையும் இருக்கிறது. அதனால், ‘அலை எழுப்பாத பகுதி, மெதுவாகச் செல்லவும்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஏரி முழுக்கப் பறக்கிற இவர், அந்த போர்டைக் கண்டதும் பள்ளிக்கூட வாசலில் லாரியை அடக்குவதுபோல அடக்குகிறார். ஏனுங்க என்று கேட்டால், “போர்டு போட்டிருக்குதல்ல புள்ள, ரூலுன்னா ரூலுதான்” என்கிறார். அண்ணா, உங்கள் லாரியில் இவர் எந்த போர்டை மதித்தார்? இந்த வயதில் திடீரென்று சட்டத்தின் மேல் இவ்வளவு பக்தி எங்கிருந்து வந்தது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். அவர் மெதுவாகப் போகும் அந்த நேரத்தில் படித்துறையில் துணி துவைப்பது யார் என்று போய்ப் பார்த்தேன். பக்கத்துத் தெரு சௌந்திரம்.

அந்த சௌந்திரமே மறுநாள் வாசலுக்கு வந்து நின்றாள். “ஏனுங்கக்கா, உங்கூட்டுக்காரரு மெதுவா வந்தாத்தானுங்க அலை பெருசா அடிக்குது. என்ற சோப்பு டப்பாவே போயிருச்சு. அவருக்கு எம்மேல என்னதான் கோவமாமா?” என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். புகார் சொல்ல வந்தவள் எதற்குச் சிரிக்க வேண்டும்?

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக என்பதில்தான் இங்கே சண்டை. படகுத்துறை பொறுப்பாளர் செங்கோட்டையன், ஆள் நடக்கிற வேகம் என்கிறார். இவர், முழு வேகத்தில் பாதி என்றாலே மெதுவுதான் என்கிறார். நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். போர்டில் முதலில் இருப்பது அலை, பிறகுதான் வேகம், ஆகவே எப்படிப் போனாலும் அலை வந்தால் தப்புதான் என்று எடுத்துச் சொன்னேன். அதற்கு, “அப்ப நீயே வந்து ஓட்டு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இப்போது செங்கோட்டையன், சனிக்கிழமை சாயங்காலம் தானே படித்துறையில் வந்து நிற்பதாகவும், மேல்படி நனைந்தால் படகுச் சாவி இன்னொரு படகோட்டி தமிழரசுவுக்குப் போகும் என்றும் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வருத்தம் படகு போவதற்காகவா, படித்துறை போவதற்காகவா என்று தெரியாமல் நான் எப்படிப் பாவப்படுவது?

அதனால் நீங்கள் தயவுசெய்து இவரை மறுபடி லாரிக்குக் கூப்பிட வேண்டும். முதுகுக்கு ஆகாது என்று எனக்கும் தெரியும். கிட்டத்து ரூட்டாகக் கொடுங்கள். தம்மம்பட்டிப் பக்கம் மரவள்ளி லோடு பரவாயில்லை. பள்ளிபாளையம் வேண்டாம், அங்கே காவிரியும் படித்துறைகளும் இருக்கின்றன.

சனிக்கிழமை நானும் படகில் ஏறப்போகிறேன். ஏறுகிற கூட்டத்தையெல்லாம் இவர் பின்பக்கமே, தன்னைச் சுற்றியே உட்கார வைக்கிறார். பாரம் பின்னால் இருந்தால்தான் வண்டிக்குப் பிடிப்பு என்று நீங்கள் சொல்லிக்கொடுத்ததாம். எனக்கு அந்தப் பிடிப்பு வேண்டாம். நான் முன்முனையில் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்து, போர்டு வந்ததும் முகம் எப்படி மாறுகிறது என்று கவனிப்பேன்.

அண்ணிக்கு என் அன்பு. ஜெர்லினின் பரீட்சைக்கு வேண்டிக்கொள்கிறேன். உங்கள் வண்டிகள் பஞ்சர் இல்லாமல் ஓடட்டும்.

உங்கள் தங்கை,
ஜாக்குலின்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. நான் முன்னால் உட்கார்ந்ததும், எப்போதும் வானத்தைப் பார்க்கிற படகின் மூக்கு தணிந்துவிட்டது. படகு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. மேல்படி நனையவே இல்லை. சந்தேகப்பட்டு செங்கோட்டையன் என்னை இறக்கிவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னார், அவர் வேட்டி முழங்கால்வரை நனைந்தது. திரும்ப என்னை ஏற்றி ஓட்டச் சொன்னார், மேல்படிவரை அலையே வரவில்லை. “அம்மிணி, நீங்க தெனமும் வந்து முன்னால உக்காந்துக்குங்க” என்றார். பாரம் பின்னால் குவிந்ததுதான் கோளாறு, யாரை வேண்டுமானாலும் முன்னால் உட்கார வைக்கலாமே என்று நான் விளக்கினேன். உடனே இவர், “வேற ஆளு வேண்டாமுங்க, இவளே வரட்டும்” என்றார். அந்த வார்த்தையை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே லாரி வேலை வேண்டாம், அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். ஒரே ஒரு உதவி. படித்துறையை நெருங்கும்போது இவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எதிரே நான் இருந்தேன், என் முதுகுக்குப் பின்னால் சௌந்திரம் இருந்தாள். ஷெட்டில் பழைய லாரியின் சைடு கண்ணாடி ஒன்று சும்மா கிடந்தால் கொடுத்தனுப்புங்கள்.