மேற்குச் சுவரும் முப்பது வருஷத் தமிழும்

ஃபோட்டோவில் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பாதங்களும் தன்னுடையவைதான் என்று ஏழுமலைக்குப் புரிய அரை நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் அவர் போட்ட சத்தத்தில் அடுக்களையில் நாகம்மாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"நாகம்மா! இதை எவன் எடுத்தான்?"

"எதை?"

"என் காலை! வீடு விக்கிற சைட்ல என் காலு தொங்குது!"

கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில் கப்பல் பட்டறை ஒன்றில் முப்பத்துநாலு வருஷம் ஃபோர்மேனாக இருந்தவர் ஏழுமலை. சுத்தியல் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. ரிடையர் ஆனபோது வேலையைத்தான் விட்டார், குரலை விடவில்லை. பெஹாலாவில் அந்த நாலு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் அவருக்குக் கோபம் வந்தால், இரண்டாவது மாடியில் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள்.

ஃபோட்டோவை அனுப்பியவள் மகள் பூர்ணிமா. வேலூரிலிருந்து. கூடவே ஒரு வரி எழுதியிருந்தாள். 'அப்பா, விக்கிறது வீட்டையா, காலையா?'

மற்ற ஃபோட்டோக்கள் இன்னும் மோசம். ஹாலுக்குக் குறுக்கே நாலு கொடிக்கயிறு, அதில் அவருடைய லுங்கிகளும் நாகம்மாவின் பாவாடைகளும். தரையில் முறத்தில் பாதி உரித்த பூண்டு. கிரைண்டர் மேல் ஈரத்துணி. எல்லாவற்றுக்கும் பின்னால், மேற்குச் சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்கு, கயிறு போட்டுக் கட்டிய பழைய தமிழ்ப் பேப்பர்கள். ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு அட்டை, அட்டையில் வருஷம். 1996, 1997, 1998 என்று வரிசையாக.

"தரகர் தபன் பாபு வந்தாரு. நீங்க மத்தியானம் தூங்கிக்கினு இருந்தீங்க" என்றாள் நாகம்மா. "எழுப்பட்டுமான்னேன். வேணாம் மாஷிமான்னு சித்தி மொறை வெச்சு, ரெண்டு நிமிஷம்னுட்டாரு."

"ரெண்டு மாசமா ஒரு நாய்கூட எட்டிப் பாக்காதது இதனாலதானா?"

"என்னை ஏன் கேக்கறீங்க? அவரைக் கேளுங்க."

கேட்டார். ஃபோனில் தபன் பாபு வங்காளத்தில், அண்ணனுக்குச் சொல்லும் 'தாதா'வைப் போட்டு, சாவகாசமாகப் பதில் சொன்னார். "இருக்கிறதைத்தானே தாதா எடுக்க முடியும்? அந்தக் குளத்தோர வீடுகூட ஒரு வருஷமா என் கையிலதான் கிடக்கு, அதுவும் போகலை."

"பாசி புடிச்ச அந்த வீட்டோட என் வீட்டைச் சேக்காதய்யா! அந்தச் சுவத்துல மீனே வளக்கலாம்!"

கோபத்துக்குக் காரணம் கால் மட்டும் இல்லை. பூர்ணிமாவுக்கு ஏழு மாசம். தலைப்பிரசவம். வேலூரில் அவள் வீட்டுக்கு எதிரிலேயே ஒரு வீடு அமைந்திருந்தது. அந்த வீட்டுக்காரர் ஆயுத பூஜை வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் இந்த வீடு விற்றால்தான் அந்த வீடு. நாகம்மா காலண்டரில் மகளுடைய தேதிக்கு மஞ்சள் தடவி வைத்து, தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு பற்ற வைத்தாள்.

ஃபோனை வைத்த ஏழுமலை ஹால் நடுவில் நின்று நாலா பக்கமும் முறைத்தார்.

"இந்தப் பேப்பர் குப்பையை எவ சேத்து வெச்சது?"

நாகம்மா விரலை அவர் பக்கமே நீட்டினாள். வேலூரில் இருந்திருந்தால் மாசாமாசம் எடைக்குப் போயிருக்கும் பேப்பர்கள் அவை. இங்கே ரயிலில் ஏறி, இரண்டு நாள் பழசாகி வரும் தமிழ்ப் பேப்பரை அவர் மரண அறிவிப்பு வரைக்கும் வரி விடாமல் படிப்பார். 'கல்கத்தாவுல தமிழ் எழுத்து கண்ணுல படறதே அபூர்வம், அதைப் போய் எடைக்குப் போடறதா' என்று முப்பது வருஷமாக நாகம்மாவின் வாயை அடைத்தவரும் அவரேதான்.

அன்று மாலையே பழைய பேப்பர்க்காரன் நிமாய் வேன் ரிக்‌ஷாவோடு வந்தான். 1996ஆம் வருஷக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, காதோரம் வைத்துக் கசக்கிப் பார்த்தான்.

"தாதா, பொரி மாதிரி மொறுமொறுங்குது! பெஹாலாவில நான் இப்படிப் பார்த்ததே இல்ல."

"தின்னவா போறே? எடுத்துக்கினு போடா! இனிமே இந்தக் குப்பை என் கண்ணுல படக்கூடாது!"

குப்பை போனது. பின்னாலிருந்த சுவர் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் முப்பது வருஷப் புகையில் பழுப்பேறியிருக்க, பேப்பர் இருந்த இடம் மட்டும் கதவு அளவுக்கு வெள்ளை வெளேரென்று நின்றது. துணிமணியை எல்லாம் பீரோவில் திணித்துவிட்டு எடுத்த புது ஃபோட்டோவில் கண்ணில் பட்டது அது ஒன்றுதான். அதைப் பார்த்து வந்த முதல் ஆள் ஒரு பேங்க் அதிகாரி. நேராக அந்த வெள்ளையில் போய்க் கையை வைத்தார்.

"இங்க டாம்ப் இருந்து மறுபடி பூசியிருக்கீங்க போல?"

டாம்ப் என்று சொன்னால் போதும், கொல்கத்தாவில் வீடு வாங்குகிறவன் செருப்பைத் தேடுவான். சுவரில் ஓதம் ஏறிவிட்டால் அந்த வீட்டில் பீரோ, மெத்தை, மனுஷன் எதுவும் உருப்படாது.

"ஓதமா? அது பேப்பர் இருந்த எடம்யா!"

"எந்தப் பேப்பர்?"

காட்டுவதற்குப் பேப்பர் இல்லை. அதிகாரி போய்விட்டார். ஏழுமலை அன்றே பெயிண்டரைக் கூப்பிட்டு ஹால் முழுக்க வெள்ளை அடிக்கச் சொன்னார். ஆவணி மழை கொட்டிக்கொண்டிருந்தது. அடித்த பெயிண்ட் மூன்று நாளாகியும் காயவில்லை. வாடை மட்டும் தெருமுனை வரை போனது.

அடுத்து வந்தது சால்ட் லேக்கிலிருந்து ஒரு இளம் ஜோடி. கம்ப்யூட்டர் வேலை. கண்ணாடி போட்ட அந்தப் பெண் சுவரில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள்.

"அங்கிள், மழைக்காலத்துல யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா? எதை மறைக்கிறீங்க?"

"மறைக்கிறனா? நானா? முப்பது வருஷமா..." என்று அவர் ஆரம்பித்த சத்தத்தில் அந்தப் பெண் வாசல் வரைக்கும் பின்பக்கமாகவே நடந்து போனாள்.

"விக்கிறவங்களே இப்படிக் கத்தினா யாரு வாங்குவாங்க?" என்றாள் நாகம்மா.

"நான் எங்கடி கத்தினேன்?" என்று கத்தினார்.

ஹால் வெறிச்சென்று இருப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது என்று அவருக்குத் தோன்றியது. இரண்டாவது மாடியில் எல்லோரும் அண்ணி என்ற அர்த்தத்தில் பௌதி என்று கூப்பிடும் மிதாலியிடம் போய், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பல்லைக் காட்டி, அவள் வீட்டுச் சிவப்பு சோபாவை இரவல் கேட்டார். பௌதி கொடுத்தாள். சோபா, பூச்சாடி, பிளாஸ்டிக் ரோஜா எல்லாம் வைத்து மறுபடியும் ஃபோட்டோ எடுத்தார்கள். ஃபோட்டோ பிரமாதமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்று குடும்பங்கள் வீடு பார்க்க வந்தன.

வந்தவர்கள் பார்த்தது, ஹால் சோபாவில் மிதாலி பௌதியும் அவள் மாமியாரும் அசையாமல் உட்கார்ந்து சீரியல் பார்ப்பதைத்தான். சோபா கீழே வந்துவிட்டதால் அவர்களும் கீழே வந்திருந்தார்கள்.

"இவங்க வாடகைக்கு இருக்காங்களா?" என்று ஒருவர் தபன் பாபுவிடம் ரகசியமாகக் கேட்டார். "காலி பண்ணுவாங்களா?"

பௌதியின் காதில் அது நன்றாகவே விழுந்தது. "நான் ஏன் காலி பண்ணணும்? எந்தக் கோர்ட்டுக்கு வேணா போங்க, இது என்னோடது!" என்று சோபாவைத் தட்டிச் சொன்னாள்.

இந்த ஊரில் கிளப்ப முடியாத வாடகைக்காரரோடு வீடு வாங்குவதைவிடக் கிணற்றில் குதிக்கலாம். மூன்று குடும்பமும் டீயைக்கூடத் தொடாமல் நடையைக் கட்டின. ஏழுமலை பௌதியைப் பார்த்து ஃபோர்மேன் குரலில் நாலு வார்த்தை சொன்னார். சோபா மேலே போனது. அதற்குப் பிறகு மாடிப்படியில் பார்த்தால் பௌதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தபன் பாபு கூட்டி வந்தவர் வேறு மாதிரி ஆள். பெயர் கோஷால் பாபு. அரசாங்கத்தில் கட்டட என்ஜினீயராக இருந்து ரிடையர் ஆனவர். ஈரக் குடையை மடக்கி மூலையில் சாய்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். ஏழுமலைக்கு ரத்தம் தலைக்கேறியது. அது அந்தப் பழைய ஃபோட்டோக்களின் பிரிண்ட். லுங்கி, பூண்டு, கால், எல்லாமே இருந்தது.

"இது என் காலுதான்! சிரிக்கத்தானே வந்தே? நல்லா சிரிச்சிட்டுப் போ!"

"உங்க காலை யார் பார்த்தா?" என்றார் கோஷால் பாபு அமைதியாக. "இந்தப் பேப்பர் கட்டு எங்கே?"

"எடைக்குப் போட்டாச்சு!"

கோஷால் பாபு அப்படியே நின்றுவிட்டார். "அதைப் பார்த்துத்தானே நான் வந்தேன்! தரைத்தளம். மழை அடிக்கிற மேற்குச் சுவர். அதை ஒட்டி 1996லேர்ந்து பேப்பர். பெஹாலாவில சுவரோரமா ரெண்டு மாசம் பேப்பர் வச்சா காளான் முளைக்கும். உங்க பேப்பர் கட்டுல ஒரு மூலைகூட உப்பலை. எனக்குத் தமிழ் தெரியாது, வருஷம் படிக்கத் தெரியும். இதைவிட என்ன சாட்சி வேணும்?" காய்ந்தும் காயாத சுவரை விரலால் தொட்டுப் பார்த்து, ஒட்டிய வெள்ளையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். "பெயிண்ட் எவன் வேணா அடிப்பான். நான் பெயிண்டை நம்பி வீடு வாங்கறதில்ல."

ஏழுமலை அந்தச் சுவரையும் பிரிண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நாகம்மாதான் உடைந்த வங்காளத்தில் கேட்டாள். "அந்தப் பேப்பரை மறுபடி கொண்டாந்து காட்டினா?"

"கொண்டு வாங்க மாஷிமா. தொட்டுப் பார்த்தாப் போதும், அன்னைக்கே முடிச்சுடலாம்."

தபன் பாபு வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு, கோஷால் பாபு கையிலிருந்த பிரிண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவசர வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு, மழையோடு மழையாகக் கிளம்பினார்.

"போங்க, போய் நிமாய்கிட்ட வாங்கிக்கினு வாங்க" என்றாள் நாகம்மா.

"குப்பைன்னு சொல்லித் தூக்கிப் போட்டதை அவன் முன்னாடி போய்க் கையேந்திக் கேக்கணுமா? அவனே விக்க முடியாம கொண்டாருவான். தமிழ்ப் பேப்பரை இங்க எவன் வாங்குவான்?"

நாலு நாள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமாய் வரவில்லை. ஐந்தாம் நாள் காலையில் பூர்ணிமா ஃபோன் பண்ணினாள். எதிர் வீட்டை வேறு யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். நாகம்மா ஃபோனை வைத்துவிட்டு அவருக்கு எதிரே வந்து நின்றாள். முப்பது வருஷத்தில் அவள் இப்படி நின்றதில்லை.

"என் பொண்ணு வலியில கத்தறப்ப நான் அங்க இருக்கணும். உங்க ரோஷத்தைக் கட்டிக்கினு நான் இங்க கெடக்க மாட்டேன். போறீங்களா, இல்ல நான் போவட்டுமா?"

ஏழுமலை சட்டையை மாட்டினார். மாட்டும்போது பட்டன் தெறித்தது. அதையும் திட்டினார். தெருவில் தேங்கிய தண்ணீரைத் திட்டிக்கொண்டு, வழிவிடாத ஆட்டோவைத் திட்டிக்கொண்டு போனார். ஆனால் இந்தத் தடவை உள்ளுக்குள் திட்டு வாங்கியது அவரேதான். நிமாய் என்ன கேட்டாலும் கொடுப்பது, கத்துவதில்லை, வேண்டுமானால் மன்னிப்பும் கேட்பது என்று முடிவு செய்துகொண்டார்.

கடையில் நிமாய் டீ குடித்துக்கொண்டிருந்தான். தமிழ்ப் பேப்பர் எங்கேயும் கண்ணில் படவில்லை. இவர் வாயைத் திறப்பதற்குள் அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு எழுந்து வந்தான்.

"நல்ல நேரத்துல வந்தீங்க தாதா, வீட்டுல இன்னும் தமிழ்ப் பேப்பர் இருக்கா? உங்க கட்டைக் கொண்டு போய்க் குளத்தோர வீட்டுச் சுவர்ல அடுக்கி ஃபோட்டோ எடுத்து, தபன் பாபு நேத்து அந்த வீட்டை வித்தே முடிச்சுட்டாரு. இன்னும் மூணு வீட்டுக்கு வேணுமாம்!"